குழாய்க்குள் தேங்கும் கடல்

கேள்வி: காங்கேசன்துறை–நாகப்பட்டினம் போன்ற கடல்வழிகளில் ஓடும் படகுகளில் மலசலகூடக் குழாய் நாறினால் என்ன செய்வது?

பதில்: 2023 ஒக்டோபர் 14 அன்று தொடங்கிய அச்சேவை போன்ற பல மணி நேரப் பயணங்களுக்கு மலசலகூடம் இன்றியமையாதது. அங்கே நாற்றத்தின் முதற் காரணம், கழுவி விடப் பயன்படும் கடல்நீர். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேற்று உண்டு. நீர் தேங்கி ஒட்சிசன் தீர்ந்ததும், நுண்ணுயிர்கள் அதை ஐதரசன் சல்பைட்டாக மாற்றும். அழுகிய முட்டை நாற்றம் அந்த வாயுவினுடையதே.

அடுத்த காரணம் பழைய இறப்பர்க் குழாய். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் குழாயில் சுற்றி, ஆறியபின் முகர்ந்தால் உண்மை தெரியும். துணி நாறினால், குழாயின் சுவரே நாற்றத்தைக் கசியவிடுகிறது, மாற்றுவதே மருந்து.

புதுக் குழாயைத் தொய்வின்றிச் சரிவாகப் பொருத்த வேண்டும். படகைக் கட்டுமுன் நன்னீர் விட்டுக் குழாய் முழுவதையும் கழுவ வேண்டும். கழிவுத் தொட்டியின் காற்றுத்துளை அடைபடக் கூடாது. காற்றுப் புகுந்தால் அந்த நுண்ணுயிர்கள் அடங்கும். உட்படியும் சுண்ணாம்பை வினாகிரி கரைக்கும். வாசனைத் திரவியம் மூக்கைத்தான் ஏமாற்றும், குழாயை ஏமாற்றாது.