கொஞ்சம் பொறுங்க மாமா

இரண்டாவது மானிட்டர் வாங்கப்போவதை இவரிடம் யாரும் சொல்வதில்லை. எப்படியோ மோப்பம் பிடித்துவிடுவார். அடுத்த நிமிடம் வாட்ஸப்பில் வந்து விழும்: “மாமா, எந்த கிராஃபிக்ஸ் கார்டு போடப்போறீங்க?”

எதற்கு மானிட்டர் என்று கேட்க மாட்டார். ஒரு திரையில் டேலியில் பர்ச்சேஸ் ரிஜிஸ்டர், இன்னொரு திரையில் ஜிஎஸ்டி போர்ட்டலில் 2பி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்று நாமாகச் சொன்னாலும் காதில் ஏறாது. “அது சரி மாமா, ஃபியூச்சர் ப்ரூஃபா இருக்கணும்ல?” என்பார். எனக்கு வயது ஐம்பத்தாறு. என்னுடைய ஃபியூச்சருக்கு போர்டோடு வந்த கிராஃபிக்ஸே தாராளம்.

யாரையும் மனதில் வைத்துக்கொண்டு இதை எழுதவில்லை. என் மனைவியும் இதைப் படிப்பாள். அவளுக்கு இருப்பது ஒரே தம்பி.

கார்டு என்று ஆரம்பித்தால் கார்டோடு நிற்காது. கார்டுக்கு இப்போதிருக்கும் எஸ்எம்பிஎஸ் பத்தாது. எஸ்எம்பிஎஸ் மாற்றினால் கேபினெட்டில் காற்றோட்டம் பத்தாது. எல்லாம் மாற்றிவிட்டுப் பழைய ப்ராசஸரையே வைத்திருந்தால் ‘பாட்டில்நெக்’ ஆகிவிடும். வாசல் பல்பை மாற்ற வந்தவர் வீட்டு ஒயரிங்கையே உருவச் சொன்ன கதைதான். கொட்டேஷனும் அனுப்பிவைப்பார். எதற்காக இத்தனையும் ஆரம்பித்ததோ அந்த மானிட்டர் மட்டும் அதில் இருக்காது.

வாங்கச் சொல்வதையாவது பொறுத்துக்கொள்ளலாம். இவருடைய அசல் திறமை, வாங்க விடாமல் செய்வது.

2020இல் ஊரடங்கு வந்து ஆடிட்டர் ஆபீஸ் வேலையெல்லாம் வீட்டுக்கு வந்துசேர்ந்தபோது பேச்சு ஆரம்பித்தது. “கொஞ்சம் பொறுங்க மாமா. என்விடியா 30 சீரிஸ் வரப்போகுது. வந்துட்டா பழசெல்லாம் பாதி விலைக்குக் கிடைக்கும்.” செப்டம்பரில் அறிவித்தார்கள். புதுசு கண்ணில் படவில்லை, பழசு விலை இறங்கவில்லை. எத்தீரியம் என்ற டிஜிட்டல் காசைத் தோண்டுகிறோம் என்று உலகம் முழுக்க ஆட்கள் கிளம்பி, கார்டுகளை மூட்டை மூட்டையாக வாரிக்கொண்டு போனார்கள். ரிச்சி தெருவில் கடைக்காரர் வாயில் வந்ததுதான் விலை. “இப்ப வாங்குறது முட்டாள்தனம் மாமா. மைனிங் ஓயட்டும்.”

2022 செப்டம்பரில் ஓய்ந்தது. எத்தீரியம்காரர்கள் தங்கள் முறையையே மாற்றிக்கொண்டதில், அதற்குக் கார்டே வேண்டாம் என்றாகிவிட்டது. எத்தீரியம் கறுப்பா சிவப்பா என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன். பயன்படுத்திய கார்டுகள் சந்தைக்கு வந்தன. “தொட்டுடாதீங்க மாமா. ராத்திரி பகலா மைனிங்ல வெந்த கார்டு. எப்ப புட்டுக்கும்னு சொல்ல முடியாது.”

சரி, புதுசே பார்ப்போம் என்றால், 2023இல் வந்த 4060இல் மெமரி எட்டு ஜிபிதானாம். “எட்டு ஜிபியை வச்சு என்ன மாமா பண்றது? ஏமாத்து வேலை.” என் கம்ப்யூட்டரின் மொத்த ரேமே எட்டு ஜிபிதான், அதை வைத்துத்தான் பல கம்பெனிகளுக்கு வரி கட்டிக்கொண்டிருக்கிறேன் என்றேன். நோயாளி வீட்டாரிடம் டாக்டர் பேசும் குரலில் “அது வேற மாமா” என்றார்.

2025 ஜனவரியில் 50 சீரிஸ். அதில் பெரிய கார்டான 5090 மட்டும் 575 வாட் இழுக்கும் என்று பூரிப்போடு சொன்னார். எங்கள் வீட்டு மிக்ஸியே 500 வாட்தான். அதில் சட்னியாவது வரும். அந்த வருஷக் கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்களெல்லாம் மெமரியை அள்ளிக்கொள்ள, ரேம் விலையும் ஏறியது. அதற்கும் பொறுக்க வேண்டுமாம். ஒரு கார்டைக்கூட நான் பார்த்ததில்லை, தொட்டதில்லை. ஆனால் எந்தெந்த காலத்தில் எதெது வாங்கக் கூடாது என்று தலைகீழாக ஒப்பிப்பேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஒரு மாதம் 20ஆம் தேதி, ஜிஎஸ்டி 3பி தாக்கல் செய்யக் கடைசி நாள். சாயங்காலம் கம்ப்யூட்டர் மூன்று முறை பீப் என்று கத்திவிட்டுப் படுத்துவிட்டது. போன் செய்தேன். கொட்டுகிற மழையில் தாம்பரத்திலிருந்து பைக்கில் வந்தான் (இந்த இடத்தில் வந்தார் என்று எழுதக் கை வரவில்லை). சட்டையைக்கூடப் பிழியாமல் கேபினெட்டைத் திறந்து, ரேமை உருவி, என் மகளின் பென்சில் டப்பாவிலிருந்து ரப்பரை எடுத்து, அந்தத் தங்கப் பற்களைத் தேய்த்து, ஊதி, மறுபடி சொருகினான். சிஸ்டம் எழுந்துகொண்டது. அன்றைக்கு ஒரு சீரிஸைப் பற்றியும் பேசவில்லை. சூடாக இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டுப் போனான்.

அதனால்தான் அவரைக் கேட்காமல் கடைக்குப் போக மனசு வரவில்லை. கடைசியில் போய்விட்டேன். அண்ணா சாலையில் இறங்கி ரிச்சி தெருவுக்குள் நுழைந்து, நெரிசலில் ஒரு சின்னக் கடையில் ஒதுங்கினேன். கவுண்டரில் இருந்த பையனுக்கு இருபது வயசு இருக்கலாம். “என்ன வேலைக்கு சார்?” என்றான். எனக்குக் கண் கலங்காத குறை. சிபியுவின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்திருந்தேன். பெரிதாக்கிப் பார்த்தான். “விஜிஏ ஒண்ணு இருக்கு, எச்டிஎம்ஐ ஒண்ணு இருக்கு. அதுல ஒண்ணைக் குத்துங்க, இதுல ஒண்ணைக் குத்துங்க. கார்டு எதுக்கு சார்?”

வீட்டுக்கு வந்து குத்தினேன். விண்டோஸ் பட்டனோடு பி-யை அழுத்தி, ‘எக்ஸ்டெண்ட்’ கொடுத்தேன். இந்தப் பக்கம் டேலி, அந்தப் பக்கம் 2பி.

பிறகு விசாரித்ததில், இன்டெல் ப்ராசஸர்களுக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் 2012இல் வந்த மூன்றாம் தலைமுறையிலேயே மூன்று திரைகளை ஓட்டக்கூடியதாம். போர்டில் அதற்கான துளைகள் இருக்க வேண்டும், அவ்வளவே. மாடல் எண்ணின் கடைசியில் எஃப் என்று போட்டிருக்கும் ப்ராசஸராக இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது, அப்போது கார்டு கட்டாயம். கேம் ஆடுகிறவருக்கு வேண்டும், வீடியோ எடிட் செய்கிறவருக்கு வேண்டும். இதெல்லாம் அவருக்குத் தெரியாதா? எனக்கு முன்னால் தெரியும். தெரியாமல் சொன்னவர் மேல் கோபப்பட என்ன இருக்கிறது? என் கேபினெட்டைத் திறந்து பல் தேய்த்துவிட்டவர், அதன் முதுகில் இரண்டு துளை இருப்பதை ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இத்தனை வருஷம் ஒரே திரையில் ஆல்ட்-டேப் அடித்து அடித்து என் கட்டைவிரல் வீங்கியதுதான் மிச்சம்.

கேட்டேவிட்டேன். “ரெண்டு போர்ட் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாப்ள?”

“நீங்க கார்டுதானே கேட்டீங்க மாமா?”

நான் எங்கே கேட்டேன்? வாட்ஸப்பை மேலே தள்ளித் தள்ளி 2020வரைக்கும் போனேன். கார்டு என்ற பேச்சை முதலில் எடுத்தவர் அவர்தான். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. வெகுநேரம் ‘டைப்பிங்’ என்று காட்டிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு யூடியூப் லிங்க் வந்தது. அதற்குக் கீழே: “ரெண்டு மானிட்டர்லாம் இப்ப யாரும் வைக்கிறதில்ல மாமா. அல்ட்ராவைட் ஒண்ணு போதும்.”