ஆட்சேபணை உண்டா? எழுதிக் கொடுங்கள்!

அமெரிக்க சிவில் வழக்குகளில் பெரும்பாலானவை விசாரணை மேடை ஏறாமலே முடிந்துவிடுகின்றன. அதனால் உண்மையான போராட்டம் அதற்கு முந்திய கட்டத்தில்தான் நடக்கிறது. டெபோசிஷன் (விசாரணைக்கு முன்பே சத்தியப்பிரமாணம் செய்து கேள்விகளுக்குப் பதில் சொல்வது), ஆவணக் கோரிக்கை பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில். சொல்லியிருப்பது பெரும்பாலும் ஃபெடரல் நீதிமன்ற விதி. மாநில விதி மாறும் சில இடங்களில் அதையும் குறித்திருக்கிறேன்.

எடிசன், நியூ ஜெர்சி: என் மேல் வழக்கு. 'டெபோசிஷனுக்கு வாருங்கள், கூடவே இந்த ஆவணங்களையும் கொண்டு வாருங்கள்' என்று எதிர்த்தரப்பு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். நீதிபதி கையெழுத்தே இல்லை. கிழித்துப் போடலாமா?

கூடாது. வழக்கில் நீங்களே ஒரு தரப்பு என்றால் வக்கீலின் நோட்டீஸே போதும், நீதிபதியின் கையெழுத்து தேவையில்லை. டெபோசிஷன் சாதாரணமாக ஒரு வக்கீல் அலுவலகத்தில் நடக்கும். நீதிபதி இருக்கமாட்டார். ஆனால் நீங்கள் எடுப்பது நீதிமன்றத்தில் எடுக்கும் அதே சத்தியப்பிரமாணம், பொய் சொன்னால் அதே குற்றம். ஒரே நாள், அதிகபட்சம் 7 மணி நேரம். வராமல் இருந்துவிட்டால், எதிர்த்தரப்பின் செலவைக் கட்டுவதில் தொடங்கி வழக்கையே இழப்பது வரை தண்டனை உண்டு.

ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா: ஆட்சேபணை எழுதி அனுப்பிவிட்டேன். இனி டெபோசிஷன் அன்றைக்குப் போக வேண்டாம்தானே?

பலரும் சறுக்கும் இடம் இதுதான். ஆவணம் வேறு, ஆள் வேறு. ஆவணக் கோரிக்கையை எழுத்தில் ஆட்சேபித்தால், ஆட்சேபித்த பகுதியை நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை. வேண்டுமென்றால் அவர்கள்தான் நீதிபதியிடம் போகவேண்டும். டெபோசிஷனில் அந்தப் பொறுப்பு உங்கள் தலையில் விழுகிறது. பாதுகாப்பு உத்தரவு கேட்டு நீங்கள் மனுப் போட வேண்டும், அது நிலுவையில் இருக்க வேண்டும். மனு இல்லாமல், 'கேள்வியே தவறு, அதனால் வரவில்லை' என்று சொல்வதை ஃபெடரல் விதி 37 ஏற்காது. உங்கள் மாநில நீதிமன்றத்தில் நோட்டீஸில் குறை இருந்தால், டெபோசிஷனுக்குக் குறைந்தது 3 நாள் முன்பு எழுத்தில் ஆட்சேபிக்க வேண்டும். விட்டால் அந்தக் குறையைப் பிறகு கிளப்ப முடியாது.

டாலஸ், டெக்சாஸ்: ஆட்சேபிக்க எத்தனை நாள் அவகாசம்?

ஃபெடரல் நீதிமன்றத்தில் ஆவணக் கோரிக்கைக்கு 30 நாள். டெபோசிஷன் நோட்டீஸோடு சேர்த்து உங்களிடம் ஆவணம் கேட்டாலும் அதே 30 நாள்தான். 'அடுத்த வாரம் வா, பெட்டி நிறையக் காகிதம் கொண்டு வா' என்று நோட்டீஸ் வந்தால், அந்த அவசரமே ஓர் ஆட்சேபணை. ஆள் வருவதற்கு ஃபெடரல் விதி நாள் கணக்குச் சொல்லவில்லை, 'நியாயமான' முன்னறிவிப்பு என்கிறது. நியூ யார்க் 20 நாள், கலிஃபோர்னியா 10 நாள் என்று எண்ணிச் சொல்கின்றன. உங்கள் டெக்சாஸில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. நோட்டீஸ் கிடைத்த மூன்றாவது வேலை நாளுக்குள் நேரமும் இடமும் சரியில்லை என்று மனுப் போட்டால், நீதிபதி முடிவு சொல்லும்வரை டெபோசிஷன் நிற்கும். நான்காவது நாள் விழித்தால் அந்தச் சலுகை இல்லை. மௌனம் சம்மதம் என்பதை இந்த விதிகள் அப்படியே எடுத்துக்கொள்கின்றன.

சிகாகோ: என் வக்கீல் எல்லாக் கோரிக்கைக்கும் 'தெளிவற்றது, அளவு மீறியது, பெரும் சுமை' என்று ஒரே வரியை எழுதியிருக்கிறார். போதுமா?

போதாது. அந்தக் காலம் 2015 டிசம்பர் 1-ஆம் தேதியோடு முடிந்தது. அன்று அமலுக்கு வந்த ஃபெடரல் விதித் திருத்தப்படி ஆட்சேபணையில் காரணத்தைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். அந்தக் காரணத்துக்காக எதையாவது கொடுக்காமல் வைத்திருக்கிறீர்களா, இல்லையா என்பதையும் சொல்ல வேண்டும். 2017-ல் நியூ யார்க்கில் தேனீ வளர்ப்போர் வாங்கும் ஒரு பொருளைப் பற்றிய 'ஃபிஷர் எதிர் ஃபாரஸ்ட்' வழக்கில், மாஜிஸ்திரேட் நீதிபதி ஆண்ட்ரூ பெக் வக்கீல்களை இதற்காகவே தட்டி எழுப்பினார். புதிய விதிப்படி எழுதாத பதில்களை, வக்கீல்-கட்சிக்காரர் ரகசியம் போன்ற சட்டப் பாதுகாப்பு தவிர மற்ற எல்லா ஆட்சேபணைகளையும் கைவிட்டதாகவே கொள்வேன் என்று எச்சரித்தார்.

எப்படி எழுதுவது? 'பெரும் சுமை' என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: 'பத்து வருட இமெயில் கேட்கிறீர்கள். ஒப்பந்தம் போட்டது 2021-ல். அந்த வருடம் ஜனவரி முதல் வழக்கு தொடுத்த நாள் வரை, ஒப்பந்தத்தைக் கையாண்ட மூன்று பேரின் இமெயிலைத் தேடித் தருகிறோம். மற்றதைத் தேடவில்லை.' நீதிபதி படித்தவுடன் தலையசைக்கும் ஆட்சேபணை இது. எதைத் தருகிறோம் என்று சொல்பவர் மறுப்பதற்குத்தான் மதிப்பு இருக்கும்.

சான் ஹோசே: 'அளவு மீறியது' என்பதை நீதிபதி எதை வைத்து அளப்பார்?

ஆறு விஷயங்களை வைத்து. வழக்கில் உள்ள பிரச்சினை எவ்வளவு முக்கியம், எவ்வளவு பணம் சம்பந்தப்பட்டது, தகவல் யார் கையில் இருக்கிறது, யாருக்கு எவ்வளவு வசதி, கேட்பது வழக்கைத் தீர்க்க எவ்வளவு உதவும், பலனைவிடச் செலவு அதிகமா. ஐயாயிரம் டாலர் பாக்கிக்காக ஐம்பதாயிரம் டாலர் செலவில் சர்வரைத் துழாவச் சொன்னால் 'அளவு மீறியது' என்று சொல்லுங்கள், ஆனால் கணக்கோடு சொல்லுங்கள். எத்தனை கோப்பு, எத்தனை மணி நேரம், எவ்வளவு செலவு என்று ஒரு பிரமாணப் பத்திரம் இருந்தால் புகார், சான்றாக மாறிவிடும்.

ஃபிலடெல்ஃபியா: என் வக்கீல் சாட்சிகளிடம் பேசி எடுத்த குறிப்புகளையும் கேட்கிறார்கள். கொடுக்கத்தான் வேண்டுமா?

இந்தக் கேள்விக்குப் பதில் பிறந்ததே உங்கள் ஊர் ஆற்றில்தான். 1943 பிப்ரவரியில் 'ஜே. எம். டெய்லர்' என்ற இழுவைப் படகு டெலாவேர் ஆற்றில் மூழ்கியது. ஒன்பது பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். படகு முதலாளிகளின் வக்கீல் ஃபோர்ட்டன்பா, உயிர் பிழைத்தவர்களிடம் பேசிக் குறிப்பெடுத்து வைத்தார். இறந்தவர் ஒருவர் சார்பில் வழக்குப் போட்டவர்கள் அந்தக் குறிப்புகளைக் கேட்டார்கள். ஃபோர்ட்டன்பா மறுத்தார். கீழ்நீதிமன்றம் அவமதிப்புக் குற்றம் சாட்டிச் சிறையில் வைக்க உத்தரவிட்டும் கொடுக்கவில்லை. 1947-ல் 'ஹிக்மன் எதிர் டெய்லர்' வழக்கில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. படகு எப்படி மூழ்கியது என்ற உண்மையைச் சாட்சிகளிடம் யாரும் கேட்டுக்கொள்ளலாம், ஆனால் ஒரு வக்கீல் வழக்குக்குத் தயாராகும்போது எழுதியதையும் மனதில் போட்ட கணக்கையும் தக்க அவசியம் இல்லாமல் எதிராளி பறிக்க முடியாது என்றது.

ஆகவே ஆட்சேபிக்கலாம். ஆனால் ஒளிக்கக் கூடாது. எந்த ஆவணம், என்ன தேதி, யார் யாருக்கு எழுதியது, எந்தப் பாதுகாப்பின் கீழ் கொடுக்கவில்லை என்று பட்டியல் தர வேண்டும். உள்ளே இருப்பது ரகசியம்தான், அப்படி ஒரு காகிதம் இருக்கிறது என்பது ரகசியமில்லை.

அட்லாண்டா: டெபோசிஷன் நடுவே என் வக்கீல் 'ஆட்சேபிக்கிறேன்' என்றால் நான் பேச்சை நிறுத்தவேண்டுமா?

அவர் சொல்லி முடிக்கட்டும். பிறகு பதில் சொல்லுங்கள். ஆட்சேபணை பதிவாகும், உங்கள் பதிலும் பதிவாகும். செல்லுமா செல்லாதா என்பதை நீதிபதி பின்னால் பார்த்துக்கொள்வார். 'பதில் சொல்லாதே' என்று அவர் சொல்ல மூன்றே காரணங்கள்: வக்கீல்-கட்சிக்காரர் பேச்சு போன்ற பாதுகாக்கப்பட்ட விஷயத்தைக் காப்பது, நீதிமன்றம் ஏற்கெனவே வகுத்த எல்லையைக் காப்பது, கேள்வி கேட்பவர் துன்புறுத்துகிறார் என்று டெபோசிஷனை நிறுத்த மனுப் போடுவது. சங்கடமான கேள்வி என்பது அந்தப் பட்டியலில் இல்லை. ஆட்சேபணையைச் சாக்காக வைத்துச் சாட்சிக்குப் பதிலை எடுத்துக்கொடுப்பதும் தடை.

ராலே, நார்த் கரோலைனா: வழக்கு என் பழைய கம்பெனி மேல். எனக்குச் சம்பந்தமே இல்லை. எனக்கு ஏன் சப்பீனா (நீதிமன்றக் கட்டளை)?

உங்களுக்குத் தெரிந்தது வழக்குக்குத் தேவைப்படலாம் என்பதால். ஆனால் வெளியாளுக்கு விதி 45 கூடுதல் கவசம் தருகிறது. ஆவணம் மட்டும் கேட்டால், சப்பீனா கைக்கு வந்த 14 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபிக்கலாம். அவர்கள் குறித்த நாள் அதற்கு முன்பே வந்தால் அந்த நாளுக்குள். நேரில் வரச் சொன்னால் ஆட்சேபணைக் கடிதம் போதாது, ரத்து செய்யக் கோரி மனுப் போட வேண்டும். பொதுவாக, நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் இடத்திலிருந்து 100 மைலுக்கு மேல் அலைக்கழிக்க முடியாது. ஒரு நாள் சாட்சிப்படி 40 டாலரும் பயணப்படியும் சப்பீனாவோடு தர வேண்டும். கம்பெனியின் வக்கீல் கம்பெனிக்குத்தான் வக்கீல் என்பதை நினைவில் வையுங்கள். உங்களுக்கென்று ஒருவரைக் கேளுங்கள்.

ஹூஸ்டன்: என் அப்பா இந்தியப் பிரஜை, மதுரையில் இருக்கிறார். அவருக்கும் சப்பீனா அனுப்புவோம் என்கிறார்கள். பயப்படுகிறார்.

பயம் வேண்டாம் என்று இன்றே ஃபோன் போட்டுச் சொல்லுங்கள். வழக்கில் தரப்பாக இல்லாத இந்தியப் பிரஜையை, இந்தியாவில் இருக்கும்போது, அமெரிக்க சப்பீனா கட்டுப்படுத்தாது. சாட்சியம் வேண்டுமென்றால் அமெரிக்க நீதிமன்றம் கோரிக்கைக் கடிதம் அனுப்ப வேண்டும். இந்திய சிவில் நடைமுறைச் சட்டத்தின் 26-ஆவது கட்டளைப்படி உயர் நீதிமன்றம் கமிஷன் பிறப்பித்துச் சாட்சியத்தைப் பதிவு செய்யும். அவர் தானாக முன்வந்து பேச விரும்பினாலும் முதலில் ஒரு வக்கீலைப் பார்க்கட்டும்.

சியாட்டில்: பெரிய மனிதர்களும் இப்படி டெபோசிஷனில் உட்கார வேண்டுமா?

பில் கிளிண்டன் 1998 ஜனவரி 17 அன்று, அதிபராக இருக்கும்போதே உட்கார்ந்தார். பதவியில் இருக்கும்போது சிவில் வழக்கே கூடாது என்ற அவருடைய வாதத்தை உச்ச நீதிமன்றம் முந்திய ஆண்டு ஒருமனதாகத் தள்ளியிருந்தது. அன்று சத்தியப்பிரமாணத்தில் சொன்ன பொய்க்காக நீதிபதி சூசன் வெபர் ரைட் 1999-ல் அவர் நீதிமன்றத்தை அவமதித்ததாகத் தீர்ப்பளித்தார்.

பாஸ்டன்: வாட்ஸ்அப்பில் சில மெசேஜ்கள் எனக்கு ஆகாதவை. கேட்பதற்கு முன் அழித்துவிட்டால்?

தொடாதீர்கள். வழக்கு வரும் என்று தெரிந்த நிமிடத்திலிருந்து பாதுகாப்பது உங்கள் கடமை. வேண்டுமென்றே அழித்தது நிரூபணமானால், 'அதில் இவருக்குப் பாதகமானது இருந்தது என்று கொள்ளுங்கள்' என்று ஜூரிக்கு நீதிபதி சொல்லலாம். இருக்கும் மெசேஜுக்கு விளக்கம் சொல்ல முடியும். அழித்த மெசேஜுக்கு எதிராளி சொல்வதுதான் விளக்கம்.

மினியாபொலிஸ்: ஆட்சேபிப்பது ஏதோ உண்மையை மறைப்பது போல மனம் உறுத்துகிறது.

உறுத்த வேண்டாம். வழக்கு நடக்கிறது என்பதற்காக உங்கள் மருத்துவக் குறிப்பு, குழந்தையின் பள்ளிக் கோப்பு, இருபது வருட வங்கிக் கணக்கு எல்லாம் எதிராளியின் சொத்தாகிவிடாது. எல்லை கேட்பது உங்கள் உரிமை. அந்த உரிமைக்கு விலை, எந்த எல்லை, எதற்காக என்று சொல்லி அதன் கீழ் கையெழுத்துப் போடும் நேர்மை. ஆகவே தேதியைக் குறித்து வையுங்கள், நோட்டீஸ் வந்த அன்றே வக்கீலைப் பாருங்கள், தரக்கூடியதைத் தாமதிக்காமல் தாருங்கள். மிச்சத்துக்குக் காரணத்தோடு ஆட்சேபியுங்கள். மனுப் போடும் முன் எதிர்த்தரப்பு வக்கீலோடு பேசிப் பார்க்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. அந்த ஒரு ஃபோனில் தீர்ந்துபோகும் சண்டைகள் நிறைய.