உப்புத் தண்ணீர்ப் படலம்: கிணத்துக்கடவு வீட்டுச் சாதனங்கள் குறித்து ஓர் ஆய்வு

அகப்பொருள் இலக்கணம் வகுத்த பெரியோர் திணைக்கொரு நீரை ஒதுக்கினர். குறிஞ்சிக்கு அருவியும் சுனையும், முல்லைக்குக் காட்டாறு, மருதத்துக்கு மனைக்கிணறும் பொய்கையும், நெய்தலுக்கு உவர்க்கழி, பாலைக்கு நீரில்லாக் கிணறு. எண்ணூறு அடிக்குக் கீழிருந்து சப்மெர்சிபிள் மோட்டார் ஏற்றித் தரும் தண்ணீர் எத்திணைக்குரியது என்று சொல்லாமல் விட்டது பெருங்குறை. அக்குறை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது என்க.

ஆய்வுக்களம் கிணத்துக்கடவு. கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவே, பொன்மலை வேலாயுதசாமியின் காலடியில், தக்காளிக்குப் பேர்போன ஊர். இங்கே வீட்டுக்கு இரண்டு குழாய். ஒன்றில் அம்பராம்பாளையத்திலிருந்து வரும் ஆழியாற்று நீர், விடுகிற நாளில் மட்டும். மற்றதில் போர் தண்ணீர், கரண்ட் இருக்கும் நேரமெல்லாம். முன்னது நல்ல தண்ணி, பின்னது உப்புத் தண்ணி. நாக்கில் கரிப்பது வேறு உப்பு, பாத்திரத்தில் வெள்ளை பூப்பது வேறு உப்பு (கால்சியம், மக்னீசியம் சேர்மங்கள்) என்று வேதியியலார் பிரிப்பர். ஊரார் பிரிப்பதில்லை. இரண்டையும் சேர்த்தே திட்டுவர்.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 10500 என்னும் நூல் (2012 பதிப்பு) குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது. மாற்று நீராதாரம் இல்லாதவிடத்து 600 வரை பொறுக்கலாமாம். அந்த 'இல்லாதவிடத்து' என்ற ஒற்றைச் சொல்லுக்குள்தான் எத்தனையோ ஊர்கள் குடித்தனம் நடத்துகின்றன.

இனி நம் கருதுகோள். ஒரு வீட்டில் எதற்கு எவ்வளவு மரியாதை என்றறிய, எதற்கு நல்ல தண்ணி ஊற்றுகிறார்கள் என்று பார்த்தால் போதும். முதலிடம் சாமிக்கும் காபிக்கும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஆழியாறுகூடக் கௌரவக் குறைச்சல். கடையில் காசு கொடுத்து வாங்கிய டிஸ்டில்டு வாட்டர்தான், புதுமாப்பிள்ளை அந்தஸ்து. அடுத்தது துவரம்பருப்பு. உப்புத் தண்ணியில் போட்டால், கால்சியம் பருப்பிலுள்ள பெக்டினை இறுகப் பிடித்துக்கொள்ளும். குக்கர் தொண்டை வறளக் கத்தினாலும் பருப்பு மசியாது. 'உன் பருப்பு இங்கே வேகாது' என்ற வழக்கு எந்த ஊரில் பிறந்தது என்பதில் இவ்வாய்வாளருக்கு ஐயமில்லை, சான்றுதான் இல்லை. வாஷிங் மெஷினுக்கு ஊருக்கு உறவுக்காரர் வரும் வாரத்தில் மட்டும் நல்ல தண்ணி. கடைசிப் படியில் கீசர், அதற்கும் கீழே குடும்பத் தலைவரின் தலைமுடி.

கீசரின் கதை தனி இயலுக்குரியது. இரண்டு வருடம் உழைத்த கீசர் ஒன்றை மெக்கானிக் திறந்தபோது ஆய்வாளர் உடனிருந்தார். போல்ட்டுகளைக் கழற்றி அடித்தட்டை இழுத்ததும் ஒரு குண்டான் நிறைய வெள்ளைச் சில்லுகள் பொலபொலவென்று கொட்டின. பின்னாலேயே காயில் வந்தது, பஜ்ஜி மாவில் முக்கியெடுத்த வாழைக்காய்போல. "காயில் கெட்டதுன்னு சொல்லாதீங்க சார், காயிலுக்கு மேல ஆரோ ஊடு கட்டியிருக்கறாங்க" என்றார் அவர். இதைவிடச் செறிவான வரையறை எந்த நூலிலும் இல்லை. கல் சூட்டை வெளியே விடாது. தண்ணீர் காய நேரமாகும், மீட்டர் ஓடும், உள்ளே காயில் தன் சூட்டிலேயே வெந்து ஒருநாள் வெடிக்கும்.

வடமேற்கே மதுக்கரையில் 1930-களிலிருந்து சிமெண்டு ஆலை இருக்கிறது. அங்கே சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுக் கார்பன் டை ஆக்சைடை விரட்டுவார்கள். கிணத்துக்கடவுக் குளியலறையில் பைகார்பனேட் கரைந்த நீரைச் சுட்டு, அதே வாயுவை விரட்டி, சுண்ணாம்புக்கல்லையே பெறுகிறோம். அவர்கள் கல்லைப் போட்டுக் காசு எடுக்கிறார்கள். நாம் காசைப் போட்டுக் கல் எடுக்கிறோம். தொழில் என்னவோ ஒன்றுதான்.

பரிகாரங்கள் பல. ஸ்காட்லாந்தில் அபர்டீன் பேராசிரியர் தாமஸ் கிளார்க், கடின நீரில் சுண்ணாம்பு நீரைச் சேர்த்தே சுண்ணாம்பை வீழ்த்தும் முறைக்கு 1841-இல் காப்புரிமை பெற்றார். முள்ளை முள்ளால் எடுத்தவர். சோப்புக் கரைசல் எவ்வளவு ஊற்றினால் நுரை நிற்கிறது என்று பார்த்துக் கடினத்தை அளக்கும் சோதனையும் அவருடையதே. பக்கத்து வீட்டு அக்கா அதைத் துவைக்கிற கல்லில் தினமும் செய்கிறார், காப்புரிமை கேட்டதில்லை. மளிகைக்கடை லெமன் சால்ட்டைக் கரைத்துக் கெட்டிலில் ஊற்றினால் படிவு சுறுசுறுவென்று பொங்கிக் கரையும். வசதியுள்ளோர் சாஃப்ட்னர் வைப்பர்; அதிலுள்ள ரெசின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். ரெசின் களைத்தால் அதற்கு உப்புக் கரைசல் ஊட்ட வேண்டும். உப்புத் தண்ணியைத் திருத்த மூட்டையில் உப்பு வாங்குவதைத் தர்க்க நூலார் எவ்வகைப் போலியில் சேர்ப்பர் என்பது மேலாய்வுக்குரியது.

பின்னிணைப்பாக ஒரு களச்சான்று. ஆர்.ஓ. மெஷின் விற்க வந்த தம்பி, இரண்டு டம்ளர் வைத்தார். ஒன்றில் அக்கா வீட்டுப் போர் தண்ணீர், மற்றதில் தம் மெஷினின் தண்ணீர். மின்கம்பிகள் பொருத்திய கருவியை விட்டதும் போர் தண்ணீர் சாக்கடை நிறமாகித் திரண்டது. மெஷின் தண்ணீர் பளிங்காக நின்றது. "பாத்தீங்களாக்கா, இத்தனை அழுக்கு உங்க வயித்துக்குள்ள!" அக்கா பதில் பேசாமல் உள்ளே போய், ஒரு சிட்டிகைத் தூளுப்பைக் கொண்டுவந்து அவருடைய டம்ளரில் போட்டுக் கலக்கினார்.

"இப்ப உடு கண்ணு."

அதுவும் சாக்கடை நிறமானது. உப்பு கரைந்தால் நீரில் மின்சாரம் பாயும். பாய்ந்தால் கருவியின் இரும்புக் கம்பியே கரைந்து துருவாய்த் திரளும். தம்பி கம்பிகளைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, அடுத்த தெருவில் புது வீடு ஏதும் கட்டுகிறார்களா என்று விசாரித்துப் போனார்.