கொழுப்பு மாத்திரைக்கு ஒரு நன்றி மடல்

பெறுநர்
இந்திய மருந்துத் தலைமைக் கட்டுப்பாட்டாளர் அவர்கள்,
புது தில்லி.

பொருள்: ஸ்டாட்டின் மாத்திரைகளின் பக்கவிளைவுகளைப் பரம ரகசியமாகக் காத்துவருவதற்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.
பார்வை: மாத்திரை அட்டையின் பின்புறம் (பூதக்கண்ணாடி வழியாக).

மதிப்பிற்குரிய ஐயா,

கம்பம் பள்ளத்தாக்கு மக்களின் மன நிம்மதியில் தங்களுக்குள்ள அக்கறை மெய்சிலிர்க்க வைக்கிறது. மருந்துக் கடையில் கத்தரித்துக் கொடுக்கும் அட்டைத் துண்டில் சிவப்புக் கோடு இருக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்ற எச்சரிக்கையும் எறும்பு படிக்கும் அளவில், ஆங்கிலத்தில் இருக்கிறது. அதிகம் விற்கும் 300 மருந்துகளுக்கு 2023 ஆகஸ்ட் முதல் கியூஆர் குறியீடும் கட்டாயம். பேட்ச் எண், காலாவதித் தேதி, தயாரிப்பாளரின் உரிம எண் எல்லாம் அதில் இருக்க வேண்டும் என்கிறது விதி. தொடைச் சதை வலித்தால் என்ன செய்வது என்பது மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. வலியில் துடிப்பவருக்கு உரிம எண்ணைவிட வேறென்ன ஆறுதல் வேண்டும்?

ஊர்வழக்கில் எல்லா ஸ்டாட்டினும் ஒரே ‘கொழுப்பு மாத்திரை’தான். ஒன்று ஒத்துக்கொள்ளாவிட்டால் மொத்தக் குடும்பத்தையே ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் அந்தக் குடும்பத்தில் எல்லாரும் ஒரே குணமில்லை. தசைச் சிதைவால் உயிர்ப்பலி வாங்கிய செரிவாஸ்டாட்டின் 2001-லேயே சந்தையை விட்டு விரட்டப்பட்டது. சிம்வாஸ்டாட்டின் 80 மில்லிகிராமைப் புதிதாக யாருக்கும் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்கா 2011-இல் சொன்னது. சிம்வாஸ்டாட்டினோடும் அட்டோர்வாஸ்டாட்டினோடும் கிளாரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி சேர்ந்தால் ரத்தத்தில் அவற்றின் அளவு எகிறும். ரோசுவாஸ்டாட்டினுக்கு அந்தத் தொல்லை பெரிதாக இல்லை. அதற்குப் பதில், அது ஆசியர்களின் ரத்தத்தில் வெள்ளையரைவிட ஏறக்குறைய இரட்டிப்பாகத் தங்குகிறது. அதனால் ஆசியர்களுக்கு 5 மில்லிகிராமில் தொடங்கச் சொல்லி 2005-லேயே அமெரிக்கா எழுதிவைத்தது. சர்க்கரை நோய் வரும் வாய்ப்பை ஸ்டாட்டின்களின் குறைந்த, நடுத்தர வீரியம் சுமார் 10 சதவீதமும், உயர் வீரியம் 36 சதவீதமும் கூட்டுகின்றன. அப்படி வந்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே சர்க்கரை எல்லையை ஒட்டி நின்றவர்கள். ஆக, வலியோ சர்க்கரையோ தலைகாட்டினால் மருந்தை மாற்றலாம், வீரியத்தைக் குறைக்கலாம். இந்த வழிகள் இருப்பதே தெரியாதவருக்கு மிஞ்சும் ஒரே வழி, நிறுத்திவிடுவது.

‘பக்கவிளைவைச் சொன்னால் இல்லாத வலியும் வந்துவிடும்’ என்று தங்கள் தரப்பில் வாதிடலாம். ஆதாரம் உள்ள வாதம்தான். ஸ்டாட்டினைப் பாதியில் விட்ட 60 பேரை வைத்து லண்டனில் ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2020-இல் வெளியானது. சில மாதம் மருந்து, சில மாதம் வெற்று மாத்திரை, சில மாதம் ஒன்றுமே இல்லை. மருந்தில் பட்ட தொந்தரவில் 90 சதவீதம் வெற்று மாத்திரையிலும் வந்தது. எங்கள் பக்கமும் இதே கதைதான்: பந்தலுக்குக் கீழே கழுத்தை அண்ணாந்து, கையை இறக்காமல் நாளெல்லாம் பன்னீர் திராட்சைக் குலை நறுக்குகிறவருக்குத் தோள் வலிக்கிறது. போடி மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போய்வருகிறவருக்குத் தொடை வலிக்கிறது. பழி மாத்திரை மேல் விழுகிறது. ஆனால் அந்த ஆய்வின் அடுத்த வரியையும் தாங்கள் படிக்க வேண்டும்: தம் வலியின் கணக்கைக் கண்ணால் பார்த்த பிறகு 30 பேர் மருந்தை மீண்டும் தொடங்கியிருந்தார்கள். அரைகுறையாகச் சொன்னதால் வந்த பயம் முழுசாகச் சொன்னதும் பாதிப் பேருக்குத் தெளிந்திருக்கிறது.

‘அதெல்லாம் டாக்டர் சொல்லுவார்’ என்பது அடுத்த சமாதானம். க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் புறநோயாளிகள் வரிசையை ஒரு காலை பார்த்துவிட்டு அதைச் சொல்லுங்கள். டாக்டர் சொன்னாலும் வீட்டுக்கு வந்ததும் எடுத்துப் பார்க்க ஒரு தாள் வேண்டாமா? ஒரே பக்கம், தமிழில், பெரிய எழுத்தில் போதும்: எந்த மாத்திரை எதோடு சேராது, இரண்டு பக்கமும் ஒருசேரத் தசை வலித்தால் யாரைப் பார்ப்பது, சிறுநீர் கறுத்தால் அன்றே ஓட வேண்டும், மாரடைப்பு வந்தவர் தானாக நிறுத்தக்கூடாது, சில ஸ்டாட்டின்களோடு கிரேப்ஃப்ரூட் பழத்துக்குச் சொன்ன தடை கம்பம் திராட்சைக்கு இல்லை.

அச்சிட மனமில்லையென்றாலும் பாதகமில்லை. ஸ்டாட்டின்களின் ஒப்பீட்டை உத்தமபாளையம் முதல் கூடலூர் வரை டீக்கடைகள் இலவசமாகவே நடத்திவருகின்றன. எல்லா ஸ்டாட்டினுக்கும் அங்கே ஒரே தீர்ப்பு: ‘தூக்கிப் போடு.’ அதற்குத் தங்கள் உரிம எண்ணும் தேவைப்படுவதில்லை.

இப்படிக்கு,
தங்கள் மௌனத்தால் பயனடைந்துவரும்
தேனி மாவட்டத்துக் குடிமகன்