மாறும் ஓய், நான் அடிக்கேன்

கரண்ட் போய் வந்தால் எங்கள் நாகர்கோவில் ஆபீசில் ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் நம்மை யாரென்று கேட்கும். இன்றைக்கு என்னுடையது. சர்வர் நேரமும் இதன் நேரமும் ஒத்துவரவில்லை என்று திரையில் தெளிவாகத்தான் போட்டது. படிக்க யாருக்கு நேரம்? எது வந்தாலும் ஓகேயைத் தட்டிவிடும் சாதியல்லவா நாம்.

உடனே பக்கத்து சீட்டுக்காரர் வந்தார். "மாறும் ஓய், நான் அடிக்கேன்." என் பாஸ்வேர்டை என்னிடமே கேட்டு அடித்தார். போகவில்லை. அடுத்து ஹெட்கிளார்க். "வேகமா அடிச்சா அது எப்படிவே எடுக்கும்? பைய அடிக்கணும்." பைய அடித்தார். கேப்ஸ் லாக்கை அணைத்து ஒருவர், போட்டு ஒருவர். ஒற்றை விரலால் ஓங்கிக் குத்தினால்தான் பதியும் என்பவர் ஒருவர். கம்ப்யூட்டரைத் தொட்டே அறியாத டிரைவர் அண்ணாச்சி, "எழுத்த வாய்விட்டுச் சொல்லுங்கோ, நான் எண்ணிக்கிடுதேன்" என்று கூட நின்றார். டீ கொண்டுவந்த பையனும் கேட்டான்: "ரீஸ்டார்ட் பண்ணினீங்களா சார்?" மதியத்துக்குள் என் பாஸ்வேர்டு தெரியாதவர் வடசேரி சந்தையில்கூட இருந்திருக்க மாட்டார்.

உண்மையில் மதர்போர்டில் உள்ள வட்ட பேட்டரி, சிஆர்2032, செத்துப்போயிருந்தது. அதனால் கரண்ட் போனதும் கம்ப்யூட்டரின் கடிகாரம் 2009-க்குத் திரும்பிவிட்டது. எங்கள் நெட்வொர்க்கின் டொமைன் வாசலில் காவலிருப்பது கெர்பரோஸ். கிரேக்கப் பாதாளத்தைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயரை எம்ஐடி-காரர்கள் அதற்கு வைத்தார்கள். பழைய சீட்டைக் காட்டி எவனும் நுழைந்துவிடக் கூடாதாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் நேரம் பிசகினால் விடாது. எங்கள் ஆபீசில் ஐந்து நிமிடம் பிசகாதவர் யார்?

போன மாதம் வேறு சீக்கு. கம்ப்யூட்டரும் சர்வரும் 30 நாளுக்கு ஒருமுறை நமக்குத் தெரியாமல் தங்களுக்குள் ஒரு பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளும். அதில் பிசகினால் டொமைனிலிருந்து விலக்கி மறுபடி சேர்க்க வேண்டும். எங்கள் மாவட்டத்தைத் தமிழ்நாட்டோடு சேர்க்க மார்ஷல் நேசமணி பாடுபட்டார்; 1956 நவம்பர் 1 அன்று மாவட்டமே சேர்ந்தது. ஒருமுறை சேர்ந்ததோடு சரி. இந்தப் பெட்டிக்கு மட்டும் இணைப்புப் போராட்டம் ஓயவே இல்லை.

இதற்கெல்லாம் ஒரே வழிதான் உண்டு. அதைச் சொல்லத்தான் ஆரம்பித்தேன். அதற்குள் சிஸ்டம் பையன் வந்துவிட்டான். "கேபிளப் புடுங்கிட்டு அடிங்க சார்" என்றான். நெட்வொர்க்குக்குள் போக நெட்வொர்க்கைப் பிடுங்க வேண்டுமாம். பிடுங்கினேன், திறந்தது. ஃபைல் எல்லாம் சர்வரில் கிடக்கிறது.