சீனியைத் தொடாத அண்ணாச்சி

தென்காசியில் தெருவுக்கு ஒரு அண்ணாச்சி இப்படி இருக்கிறார். வயது ஐம்பத்தைந்துக்கு மேல். வங்கியிலோ பள்ளிக்கூடத்திலோ ஓய்வு பெற்றவர். இல்லையென்றால் கடையை மகன் கையில் கொடுத்துவிட்டு வாசலில் சேர் போட்டு உட்கார்ந்தவர். ஒருநாள் ரத்தப் பரிசோதனைக்குப் போன இடத்தில் "சுகர் பார்டர்ல இருக்கு" என்று சொல்லிவிடுகிறார்கள். பார்டர் என்றாலே பிரானூரையும் பரோட்டாவையும் நினைத்துப் பழகிய மனிதர், முதல்முறையாக அந்தச் சொல்லைக் கேட்டுப் பயப்படுகிறார். அன்று சாயங்காலமே வீட்டில் ஆணை பிறக்கிறது.

"இன்னையிலேருந்து இந்த வீட்டுக்குள்ள சீனி வரப்பிடாது."

மதினி சீனி டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறார். மறுநாள் அந்த அலமாரியில் ஒரு கிலோ நாட்டுச்சர்க்கரை, ஒரு கிலோ உடன்குடிக் கருப்பட்டி, நூறு கிராம் பனங்கற்கண்டு, ஒரு பாட்டில் மலைத்தேன். போனது ஒரு டப்பா. வந்தது நாலு.

சீனி இருந்த காலத்தில் அண்ணாச்சிக்குக் காப்பியில் ஒரு கரண்டிதான். அதையும் மதினி பார்த்துப் பார்த்துப் போடுவார். இப்போது அந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது. "கருப்பட்டி மருந்துல்லா, இன்னும் கொஞ்சம் போடு" என்று டம்ளரை நீட்டுகிறார். காலையில் ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று இருந்த காப்பி, மருந்தான பிறகு ஐந்தாகிவிட்டது.

உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நியாயமான பெருமை. அதன் மணத்துக்கு நானும் அடிமைதான். ஆனால் அந்தக் குறியீடு ஊருக்கும் பக்குவத்துக்கும் கொடுத்த மரியாதையே தவிர, சுகர்காரர்களுக்கு எழுதிக் கொடுத்த அனுமதிச் சீட்டு அல்ல. நூறு கிராம் சீனியில் சுமார் 400 கலோரி என்றால், நூறு கிராம் வெல்லத்தில் 380க்குப் பக்கம். கொஞ்சம் இரும்புச்சத்து, கொஞ்சம் தாதுக்கள் கூடுதலாக உண்டு. அவற்றுக்காகக் கருப்பட்டி தின்பதென்றால் தின்ன வேண்டிய அளவை எந்தக் கணையமும் தாங்காது. பெரும்பகுதி சர்க்கரைதான். போதாக்குறைக்கு, சீனி கலந்து காய்ச்சிய கருப்பட்டி பிடிபட்ட செய்தி தென்மாவட்டப் பதிப்புகளில் அடிக்கடி வரும். அப்படி ஒன்று அண்ணாச்சி கைக்கு வந்திருந்தால், வாசல் வழியாக விரட்டிய சீனி கருப்பு வேட்டி கட்டிக்கொண்டு கொல்லைப்புறமாக வந்து உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். ருசிக்காகக் குடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு டம்ளர் குடித்தால் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. உடம்புக்காகக் குடிக்கிறேன் என்று ஆரம்பிப்பதால்தான் ஐந்து டம்ளர் ஆகிறது.

அண்ணாச்சியைக் கடையில் வைத்துப் பார்க்க வேண்டும். சாமான் வாங்குவது அவருக்குச் சாமி கும்பிடுவது மாதிரி ஒரு காரியம். பாக்கெட்டை இரண்டு கையாலும் எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கண்ணுக்கு நேரே பிடித்து முன்பக்கத்தைப் படிக்கிறார். பச்சை இலை, கோதுமைக் கதிர், சிவப்பாக ஒரு இதயம், 'நார்ச்சத்து நிறைந்தது', 'சுகர் ஃப்ரீ'. முகம் மலர்கிறது. பாக்கெட்டின் பின்பக்கம் என்பது பில் போடும் பையன் கோடுகளைக் காட்டி பீப் சத்தம் எழுப்புவதற்காக விடப்பட்ட காலி மனை என்பது அவருடைய அபிப்பிராயம்.

"தம்பி, இந்த சுகர் ஃப்ரீ பிஸ்கட் நாலு பாக்கெட் போடு."

"வழக்கமா ஒண்ணுதானே அண்ணாச்சி வாங்குவீங்க?"

"அது சுகர் உள்ள பிஸ்கட்டுல்லா டே."

அவர் திருப்பிப் பார்க்காத அந்தப் பின்பக்கத்தை நான் திருப்பிப் பார்த்தேன். எறும்பு ஊர்வது போன்ற எழுத்து. சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்ததுவரை வரிசையாக எழுத வேண்டும் என்பது சட்டம். எனவே பின்பக்கத்தின் முதல் மூன்று சொற்களைப் படித்தாலே பாதி ஜாதகம் தெரிந்துவிடும். இதில் முதல் சொல் மைதா. இரண்டாவது பாமாயில். மூன்றாவது மால்ட்டிடால். முன்பக்கத்துக் கோதுமைக் கதிருக்கு உரிய தவிடு, பந்தியில் கடைசி இலையில் உட்கார்ந்திருக்கிறது.

'சுகர் ஃப்ரீ' என்று போட்டதில் பொய் இல்லை. நூறு கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இல்லையென்றால் அப்படிப் போட்டுக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது. மைதா போகப்போக ரத்தத்தில் என்னவாக மாறும் என்பது அந்த விதியின் பிரச்சினை அல்ல. மால்ட்டிடாலும் கலோரி இல்லாத சாமான் அல்ல. சர்க்கரையில் பாதிக்குச் சற்றுக் கூட. அதைவிட முக்கியம், கடைசி வரியில் ஆங்கிலத்தில் ஒரு எச்சரிக்கை இருந்தது: பாலியால் வகை இனிப்பு அதிகம் போனால் பேதியாகலாம்.

அண்ணாச்சி அன்று சாயங்காலம் காப்பியோடு ஒரு பாக்கெட்டை முடித்தார். டி.வி. பார்த்துக்கொண்டே இன்னொன்று. ராத்திரி முழுக்கக் கட்டிலுக்கும் கொல்லைக்குமாக நடந்தார். மறுநாள் காலை காசி விசுவநாதர் கோபுரத்துக்குக் கீழே, வேட்டியைப் பறிக்கிற அந்தக் காற்றில் நின்றுகொண்டு, நடைப்பயிற்சி நண்பர்களிடம் சொன்னார்: "உள்ள கெடந்த வெஷமெல்லாம் ஒரே ராத்திரியில வெளிய போயிட்டுய்யா. அதுதான் நல்ல சாமானுக்கு அடையாளம்." அடுத்த வாரம் அந்த நடைக்கூட்டமே அந்த பிஸ்கட்டைத் தேடிக் கடைக்குப் போனது.

எண்ணெயில் அவர் இன்னும் கறார். 'கொலஸ்ட்ரால் அறவே இல்லை' என்று எழுதியிருக்கும் கடலை எண்ணெயைத்தான் தொடுவார். கொலஸ்ட்ரால் விலங்குகளிடமிருந்து வரும் பொருளில் இருப்பது. நிலக்கடலையிலோ எள்ளிலோ சொல்லும்படி இருந்ததே இல்லை. முள்ளில்லாத வாழைப்பழம் என்று சீட்டு ஒட்டி விற்பதற்கும் இதற்கும் வித்தியாசம் கிடையாது. ஆனால் சீட்டு ஒட்டிய வாழைப்பழம் இருக்க, ஒட்டாததை வாங்க அண்ணாச்சிக்கு மனசு வராது. செக்கில் ஆட்டியதென்றால் கேட்கவே வேண்டாம். வடை இரண்டு கூடும்.

ஜூன் பிறந்து சாரல் விழ ஆரம்பித்ததும் அவருடைய களம் குற்றாலத்துக்கு மாறுகிறது. ஐந்தாறு கிலோமீட்டர்தான், ஆரோக்கியத்துக்காகப் போவதால் காரில் போகிறார். எண்ணெய்க்காரரிடம் முதுகைக் கொடுத்துத் தட்டு வாங்கிக்கொண்டு, பேரருவியில் அரை மணி நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தால் மனிதனுக்கு எடுக்கிற பசி சாதாரணப் பசி அல்ல. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் இருந்தபோது, அருவியில் குளித்துவிட்டு வந்தவர்களுக்கு அவர் வீட்டில் நடந்த உபசாரத்தைப் பற்றித் தமிழ் எழுத்தாளர்கள் உருகியிருக்கிறார்கள். அங்கே உட்கார்ந்து சாப்பிட்ட யாரும் நார்ச்சத்துக்காகச் சாப்பிட்டதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. பசித்தது, சாப்பிட்டார்கள்.

அண்ணாச்சிக்கு அப்படிச் சாப்பிட வராது. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு காரணம் வேண்டும். நேந்திரங்காய் சிப்ஸ் கால் கிலோ: "காய்தானே, அதுவும் தேங்காய் எண்ணெயில போட்டது." நூறு கிராமுக்கு ஐந்நூறு கலோரிக்கு மேல் போகும் காய் அது. அப்புறம் பிரானூர் பக்கம் வண்டி திரும்புகிறது. அங்கே போய், "மைதா வேண்டாம், கோதுமைப் பரோட்டா இருக்கா?" என்று விசாரிக்கிறார். இருந்தால் ஐந்து. கல்லில் ஊற்றுகிற எண்ணெய் மாவின் சாதி பார்த்து ஊற்றப்படுவதில்லை என்பதை அவரிடம் யார் சொல்வது? வழக்கமாக அவர் மூன்று மைதாப் பரோட்டாவோடு எழுந்துவிடுகிறவர்.

தேன் வாங்கும் காட்சிதான் உச்சம். ஐந்தருவி போகிற வழியில் பாட்டில்களை அடுக்கி வைத்திருப்பவர் தேனைப் பற்றி முதலில் பேசவே மாட்டார். மலையைப் பற்றிப் பேசுவார். எந்தப் பாறை இடுக்கு, எந்தப் பூ, எந்தச் சித்தர் குகைக்குப் பக்கம் என்று வளம் முழுவதையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் பாட்டிலை எடுப்பார். பக்கத்து ஊரான மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் படைத்த குறத்தியும் மலையின் பெருமையைப் பாடிவிட்டுத்தான் கையைக் காட்டச் சொல்வாள். வியாபாரம் இந்த மண்ணில் நேற்று வந்ததல்ல.

அண்ணாச்சி ஏமாறுகிறவர் அல்ல. சோதனை செய்யாமல் வாங்க மாட்டார். ஒரு சொட்டைத் தண்ணீரில் விடுவார். கரையாமல் அடியில் போய் உட்கார வேண்டும். தீக்குச்சியை முக்கி உரசுவார், பற்ற வேண்டும். பாட்டிலுக்குள் இரண்டு தேனீ செத்து மிதந்தால் அதுதான் அவருக்கு அரசாங்க முத்திரை. கெட்டியான சர்க்கரைப் பாகும் தண்ணீருக்கு அடியில்தான் போகும். டெல்லியில் இருக்கும் அறிவியல், சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் பெயர் பெற்ற 13 பிராண்டுகளின் தேனை ஜெர்மனிக்கு அனுப்பிச் சோதித்தபோது 10 தேறவில்லை. அவற்றில் பல, இங்கே வழக்கமாகச் செய்யும் சோதனைகளில் தேறியவை. அந்தச் சோதனைகளில் சிக்காமல் இருப்பதற்கென்றே பாகு தயாரிக்கிறார்கள். ஆய்வுக்கூடத்துக்கே தண்ணி காட்டுகிற பாகு, அண்ணாச்சியின் தீக்குச்சிக்குப் பயந்து ஓடுமா?

சரி, நூற்றுக்கு நூறு சுத்தமான தேன் என்றே வைத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு இவ்வளவுக்குள் இருக்கட்டும் என்று சொல்லும் சர்க்கரைக் கணக்கில் தேனும் பழச்சாறும் சேர்த்திதான். மொத்தக் கலோரியில் ஐந்து சதவீதத்துக்குள், அதாவது சுமார் 25 கிராமுக்குள் வைத்தால் நல்லது என்பது அவர்கள் யோசனை. அண்ணாச்சி காலையில் வெந்நீரில் புளியங்குடி எலுமிச்சையைப் பிழிந்து, இரண்டு பெரிய கரண்டித் தேனை விட்டுக் கலக்கும்போதே அந்த 25 தாண்டிவிடும். "இது கொழுப்பைக் கரைக்கும்" என்கிறார் வயிற்றைத் தடவிக்கொண்டு. வயிறு மறுத்துப் பேசுவதில்லை.

பேரன் லீவுக்கு வந்தால் அவனுக்கும் இந்தப் பாக்கியம் உண்டு. பாலில் ஒரு கரண்டி ஹெல்த் ட்ரிங்க், கையில் டெட்ரா பேக் ஜூஸ். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை 'ஹெல்த் ட்ரிங்க்' வரிசையிலிருந்து எடுத்துவிடும்படி இணைய வணிக நிறுவனங்களுக்குச் சொன்னது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஹெல்த் ட்ரிங்க் என்று ஒன்றுக்கு விளக்கமே கிடையாது என்பது காரணம். அதே மாதம் ஹார்லிக்ஸும் தன் வகைப்பெயரை மாற்றிக்கொண்டது. ஜூன் மாதம் உணவுப் பாதுகாப்பு ஆணையம், அடர்சாற்றில் தண்ணீர் சேர்த்துத் திரும்பத் தயாரித்த பானங்களில் 'நூறு சதவீதப் பழச்சாறு' என்று அச்சிடுவதை நிறுத்தச் சொன்னது. பேப்பரில் வந்த இந்தச் செய்திகளை நான் எடுத்துக் காட்டினேன். அண்ணாச்சி கண்ணாடியை இறக்கி நிதானமாகப் படித்தார்.

"பேரைத்தானே எடுக்கச் சொல்லுதாக? சாமானை எடுக்கச் சொல்லலையே."

சட்டப்படி அவர் சொன்னது முழுக்கச் சரி. கம்பெனிக்கார வக்கீலே இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க மாட்டார். பேரன் அதற்குள் இரண்டாவது டம்ளரைக் கேட்டான். குற்றால சீசனில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்து கிடக்கும் ஊரில் பிள்ளைக்கு ஏன் டப்பா ஜூஸ் என்று மதினி கேட்டதற்கு, "அதுல வைட்டமின் போட்டதா எழுதியிருக்கானா?" என்று அண்ணாச்சி திருப்பிக் கேட்டார். பழத்தோலில் யாரும் அச்சடிப்பதில்லை என்பது பழத்தின் துரதிர்ஷ்டம்.

ஆறு மாதம் கழித்து மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். முதலில் பார்டரில் இருந்தது இப்போது செங்கோட்டையைத் தாண்டி மலையேறிக்கொண்டிருந்தது. டாக்டர் இளைஞர், பொறுமைசாலி. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடுவதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். அண்ணாச்சி ஒளிவுமறைவில்லாமல் எழுதினார். தேன், கருப்பட்டிக் காப்பி ஐந்து, ராகி மால்ட், ஓட்ஸ், டயட் மிக்சர், சிறுதானிய லட்டு, சுகர் ஃப்ரீ பிஸ்கட், நாட்டுச்சர்க்கரைப் பாயசம், இடையில் பசித்தால் பேரீச்சம்பழம். தாளின் முன்பக்கம் நிறைந்து பின்பக்கத்துக்கும் போயிருந்தது. டாக்டர் அதையும் திருப்பிப் படித்தார்.

"இதுல எதை விடப்போறீங்க, சொல்லுங்க."

"விடவா? எல்லாம் நல்லதுல்லா டாக்டர். சீனி ஒரு பொட்டு கெடையாது, வேணும்னா இவகிட்ட கேளுங்க."

மதினி சுவரில் மாட்டியிருந்த கிட்னி படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் மாத்திரை எழுதினார், நடக்கச் சொன்னார், இனிப்பு என்று நாக்குக்குத் தெரிகிற எதையும் அது எந்த மரத்திலிருந்து வந்திருந்தாலும் குறைக்கச் சொன்னார். கடைசியாக, ராத்திரிக்கு இரண்டே இரண்டு இட்லி போதும் என்றார். அண்ணாச்சி தலையை ஆட்டிக்கொண்டே எழுந்து, கதவுவரை போனவர், கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு திரும்பினார்.

"டாக்டர், கம்பு இட்லின்னா நாலு சாப்பிடலாம்லா?"