அசல் கார் பைத்தியம்

சென்னையில் கார் வைத்திருப்பவர் எல்லாம் கார் பிரியர் ஆகிவிட முடியாது. அவர்களுக்கு வண்டி ஓடினால் போதும். அசல் பிரியருக்கு ஓட்டம் இரண்டாம்பட்சம். ஓடாத வண்டியில்தான் பேச விஷயம் இருக்கிறது.

அவர் வாசலில் தார்ப்பாய் போர்த்திய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஒன்று நிற்கும். "மதராஸில் செய்த வண்டி சார், நாலு கதவு ஹெரால்டு இங்கிலாந்திலேயே கிடையாது" என்று கூரியர் கொடுக்க வந்த பையனையும் நிறுத்திச் சொல்வார். (தகவல் சரிதான். அங்கே இரண்டு கதவோடு முடித்துக்கொண்டார்கள்.)

ஓய்வு கிடைத்தால் புதுப்பேட்டை. பழைய கார்புரேட்டரை முகர்ந்து, காதருகே ஆட்டி, குலதெய்வத்தின் பிரசாதம்போல் இரு கையாலும் வாங்கிக்கொள்வார். கடைக்காரரிடம் பேரம் கிடையாது. வீட்டில் சொல்ல வேண்டிய விலையை மட்டும் வழியிலேயே முடிவுசெய்துவிடுவார்.

கிளட்ச் இல்லாததை அவர் கார் என்பதில்லை; மின்சாரக் காரை மிக்ஸி, கிரைண்டர் வரிசையில் சேர்த்தாயிற்று. சோழவரம் விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் குரல் தழுதழுக்கும். 1990இல் வந்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் அவருக்கு இன்னும் 'புதுசு'.

குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போக மட்டும் கைப்பேசியில் வாடகைக் கார் அழைப்பார். முன் சீட்டில் உட்கார்ந்து, டைமிங் செயின் சத்தம் சரியில்லை என்று தாம்பரம் வரை டிரைவருக்கு வகுப்பு நடக்கும். பின் சீட்டில் மனைவி, கிளம்பும்போதே இயர்போன் மாட்டியிருப்பார்.